இன்னும் வலிக்குதுப்பா

டான்சில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரமாகியும் துளசி கஞ்சிக்கு மேல் எதையும் தொடவில்லை.

"வலி போயிடுச்சா கண்ணு?" வேலைக்குக் கிளம்பிய புனிதன் மகளைக் கேட்டான்.

"இன்னும் வலிக்குதுப்பா."

"புண்ணு நல்லா ஆறிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாருலா," என்றாள் அவன் மனைவி உமாதேவி. "அப்புறமும் ஏங்க வலிக்குது? எனக்குப் பயமா இருக்கு."

புனிதன் மகளின் கன்னத்தைத் தடவினான். ஆறு வயதுப் பிள்ளை எத்தனை நாள்தான் தாங்கும்?

"அப்பா மாரியம்மாகிட்ட வேண்டியிருக்கேன்ல? சீக்கிரம் சரியாயிடும்."

அதைக் கேட்டதும் துளசியின் கண்கள் கலங்கின. தினமும் இப்படித்தான்.

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியின் சாவியை மறந்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்தான் புனிதன். உமாதேவி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் துளசி முறுக்கை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலையா கண்ணு?"

துளசி முறுக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"சரியாயிடுச்சுன்னு சாமிகிட்ட சொல்லிடாதீங்கப்பா," என்று கெஞ்சினாள். "எனக்குச் சரியானா நாக்குல வேல் குத்திக்கிறேன்னு கோயில்ல வேண்டிக்கிட்டீங்கல்ல? வாயில குத்துனா எப்படி வலிக்கும்னு உங்களுக்குத் தெரியாதுப்பா."