கால் படாத இடம்

ஆஸ்பத்திரியில் இப்போதெல்லாம் இறந்த பிஞ்சுகளைப் புதைக்கக் கொடுப்பதில்லை. சாம்பலைக் கலந்து பவளம் வளர்த்து, கண்ணாடித் தொட்டியோடு தாயின் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஆவுடை வீட்டுப் பவளம் கட்டைவிரல் அளவிலேயே நின்றுவிட்டது. தொட்டி பார்க்கும் ரெஜினா வந்து தண்ணீரை மொண்டு சோதித்தாள்.

"பாசி மூடிக் கெடக்கு. தண்ணியில கொழுப்பு மிதக்கு. என்னக்கா ஊத்துதீங்க?"

"ஒண்ணும் ஊத்தலியே."

"மறைக்காம சொன்னாத்தான் இதக் காப்பாத்த முடியும்."

ஆவுடை முந்தானையை மார்போடு இழுத்துப் பிடித்தாள். ரவிக்கை நனைந்திருந்தது.

"பால் இன்னும் நிக்கலம்மா. கால் படாத எடத்துல பீச்சிவிடச் சொன்னாக. செடியில விட மனசு வரல. அவன் இங்கனதான இருக்கான்?"

ரெஜினா சோதனைக் குழாயைக் கீழே வைத்தாள். சொல்லாமல் போனால் பவளம் செத்துவிடும்.

"இனி ஒரு சொட்டுகூட விடக் கூடாதுக்கா. இது வாடுறதே அதனாலதான்."

ஆவுடை தொட்டியின் கண்ணாடியில் கை வைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எம் பாலு அவனுக்குச் சேரலியா?"