நான்காவது மாதிரி

திங்கள் மாலை, நான் படிக்கும் அறிவியல் வகுப்பில் ஆளுக்கொரு கருவியைத் தந்து, வீட்டுக் கழிவுநீரைப் பரிசோதித்து எழுதி வரச் சொன்னார்கள். செவ்வாய் காலை எங்கள் பாத்ரூம் கழிவுநீர்க் குழாயில் பிடித்த நீரில் சோப்பும் உப்பும் அளவாகவே இருந்தன. கருவித் திரையின் கடைசி வரியில், இப்போது புதிதாக வந்திருக்கும் ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை என்று காட்டியது.

வீட்டில் நானும் என் கணவர் கதிரேசனும் மட்டும்தான். குழந்தைக்காக இரண்டு வருடமாக நான் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறேன்.

நான்தான் ஏதோ தப்பு செய்திருப்பேன் என்று பாட்டிலை வெந்நீரில் கழுவி, புதனும் வியாழனும் மறுபடி பிடித்தேன். அதே வரி.

நேற்று சாப்பிடும்போது சொன்னேன். அவர் சிரித்தார்.

“கேஸை மூடுனமான்னு மூணு தடவ எந்திரிச்சுப் பாக்கற ஆளு நீ. உன்னோட டெஸ்ட நம்பி என்னையச் சந்தேகப்படறயா, தாயி?”

“இல்லீங்க. காலைல இன்னொருக்கா புடிச்சுப் பாத்தர்றேன்.”

“தாராளமாப் பாரு.”

இன்று காலை எடுத்த நான்காவது மாதிரியில் அந்த வரி இல்லை. கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. பிறகு வழக்கம்போல் நான்கையும் நோட்டில் வரிசையாக எழுதினேன். அவரிடம் முன்பே சொல்லிவிட்டு எடுத்தது நான்காவது மட்டும்தான். இன்று மட்டும்தான் அவர் பாத்ரூம் பக்கமே போகாமல் ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பினார்.

இன்றைய ஊசியை நான் போட்டுக்கொள்ளவில்லை.