காத்திருக்கச் சொன்ன வரி

பழைய கணினிக்கு எழுதிய சோதனை நிரல்களைப் புதுவகைச் சிப்பிலும் ஓடும்படி திருத்திக்கொண்டிருந்த அமலோற்பவம், ஒன்றில் மட்டும் தயங்கினாள். காரணமே இல்லாமல் ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லும் வரி அதில் இருந்தது. எழுதிய இளம்பரிதி அந்தக் காலத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை. இப்போது வேறு ஊரில், வேறு கம்பெனியில் இருந்தான். போன் செய்தாள்.

"பழைய மெஷின் அவ்வளவு மெதுவாவா ஓடுச்சு, பரிதி?"

"அதெல்லாம் இல்ல. டெஸ்ட் ஓடுறப்பதான் நீ என் பக்கம் திரும்பிப் பேசுவ." அவன் குரல் தணிந்தது. "இனி எதுக்கு? அழிச்சிடு."

அழித்துவிட்டு ஓட்டினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் சோதனை முடிந்து திரையில் பச்சை விழுந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்றான்.

"இன்னும் ஓடிட்டிருக்கு," என்றாள் அமலோற்பவம். "நீ பேசு."