கடைசி நாள் மேற்கோள்

பத்து ஆண்டுகள் யாரும் மேற்கோள் காட்டாத ஆய்வுக் கட்டுரையை, கட்டுரைகளைப் பதிவுசெய்து வைக்கும் அறிவியல் அட்டவணை அழித்துவிடும். ஆராய்ச்சியை விட்டுப் பள்ளி ஆசிரியராகிவிட்ட இளம்பரிதி, நண்டுகளுக்கு வரும் நோய் பற்றி எழுதியிருந்த ஒரே கட்டுரைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவர் மனைவி செங்கமலம் நண்டு ஆய்வாளர்தான். ஆனால் உறவினரை மேற்கோள் காட்டினால், அட்டவணையின் விதிப்படி அவளுடைய ஆய்வு மதிப்பெண் பாதியாகும். கைக்கெட்டிய பேராசிரியர் பதவி போய்விடும்.

வியாழக்கிழமை அவள் அனுப்பிய புதுக் கட்டுரையில் முதல் மேற்கோள் அவருடையது.

“எதுக்கு கமலம் இப்படிப் பண்ணினே?”

“உங்க கட்டுரையைப் படிச்சுதானே நான் இந்த வேலைக்கே வந்தேன். மறைச்சு எழுத மனசு வரலைங்க.”

அடுத்த மாதம் பதவி வேறொருவருக்குப் போனது. அந்த வாரச் சனிக்கிழமை இளம்பரிதி அவளுடைய ஆய்வகத்துக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டார்: “நம்ம ஆராய்ச்சியை எந்த நண்டுத் தொட்டியிலேர்ந்து ஆரம்பிக்கலாம்?”