மெலிந்த முதுகு

காற்று இல்லை.

அவளுக்கு விளங்கவில்லை.

சாலையின் இருபுறமும் காற்றாலைகள் வெறிபிடித்தது போல் சுழன்றுகொண்டிருந்தன. பனையோலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சீவிவிட்டது போல் கிடந்தன. எதிரே வந்த பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் முந்தானை, ஓட்டுபவனின் தோளைத் தாண்டி முன்னால் பறந்தது.

ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய். இங்கே காற்று இல்லாமல் எங்கே போகும்?

அவள் முகத்தில் மட்டும் இல்லை.

அவளுக்கு முன்னால், சைக்கிள் வரிசையின் முனையில், ஞானசிகாமணியின் முதுகு இருந்தது. நாகர்கோவிலில் பேக்கரி வைத்திருப்பவர். கதவைச் சாத்தினது போன்ற முதுகு.

ஒருவர் சக்கரத்தை ஒட்டி அடுத்தவர் சக்கரம். அதுதான் இந்தக் கூட்டத்தின் வழக்கம். முதலில் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். களைத்ததும் முழங்கையை ஆட்டிவிட்டு ஒதுங்கி, வரிசையின் கடைசிக்குப் போவார். அடுத்தவர் முன்னால் வருவார்.

அவளுக்கு அந்த முறை வந்ததே இல்லை.

அவள் கணவர் முன்னால் போவார். அவள் பின்னால். அவர் முறை முடிந்ததும் இருவருமாக ஒதுங்கிக் கடைசிக்குப் போவார்கள். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒத்த டிக்கெட்டுல்லா எடுத்திருக்காவ" என்று கேலி செய்வார்கள்.

அவர் மெலிந்தவர். பாதிக் காற்றைத்தான் அவர் முதுகு மறைக்கும். மீதி அவருடைய இடது தோளைத் தாண்டி வழிந்து வந்து அவள் காதில் விழும்.

"உங்களுக்குப் பின்னால வாறதும் முள்வேலிக்குப் பின்னால வாறதும் ஒண்ணுதான்" என்பாள்.

"வேலி இருந்தா ஆடு மாடு உள்ள வராதுல்லா" என்பார், திரும்பாமல்.

காய்ச்சல் என்று படுத்தார். மாசியில் போய்விட்டார்.

புற்றுநோய் வார்டுப் பிள்ளைகளுக்காக நிதி திரட்ட ஆண்டுதோறும் நடக்கிற சைக்கிள் பயணம். கோவில்பட்டியிலிருந்து நாகர்கோவில் வரை, ஒரே நாளில். இந்த வருடம் அவளை வேனில் வரச் சொன்னார்கள். சைக்கிளில்தான் வருவேன் என்றாள். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளாலும் சொல்லியிருக்க முடியாது.

வீட்டில் அவர் இல்லை. சட்டைகளில் வாசனையும் போய்விட்டது. இந்த ரோட்டில் அந்தக் காற்று மட்டும் இருக்கும் என்று நினைத்தாள். ஒரே ஒரு முறை காதில் விழுந்தால் போதும்.

விழவில்லை.

அதைவிடக் குழப்பம், கால்கள்.

கால்கள் சுகமாக இருந்தன. இத்தனை வருடங்களில் இவ்வளவு லேசாக அவள் இந்த ரோட்டில் மிதித்ததில்லை. இன்னொரு முதுகுக்குப் பின்னால் இவ்வளவு சுலபமாக இருக்கலாம் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை.

வள்ளியூரில் டீ குடிக்கும்போது, அவள் கணவரை அண்ணன் என்றே கூப்பிட்டு வந்த ஞானசிகாமணி சொன்னார்.

"மைனி, போன வருசத்தவிட நல்லா வாறீங்க."

சொன்ன பிறகு தம் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா" என்றாள் அவள்.

ஏன் ஆமா என்றாள்?

காவல்கிணறு தாண்டி இவ்வளவு தூரம் வந்த பிறகுதான் கவனித்தாள். ஞானசிகாமணியின் முழங்கை அசையவே இல்லை. அவர் விலகினால் அடுத்த முறை அவளுடையது. அவளிடம் காற்றைக் கொடுக்கக் கூடாது என்று எல்லோருமாகப் பேசி வைத்திருக்கிறார்கள். கதவு தொடர்ந்து சாத்தியே இருந்தது.

அவர் கழுத்து கறுத்துச் சிவந்திருந்தது. முன்சக்கரம் கோடு போட்டது போல் போகாமல் இங்கும் அங்கும் நெளிந்தது.

நன்றி சொல்ல வேண்டுமா, கோபப்பட வேண்டுமா. அவளுக்குப் பிடிபடவில்லை.

மூச்சு முட்டியது. வரிசையிலிருந்து இடது பக்கமாகச் சற்று நகர்ந்தாள். ஒரு சாண்.

விழுந்தது.

இடது காதில். அதே இடத்தில். பிறகு கழுத்தோரமாக இறங்கி, சட்டைக்குள் புகுந்து, முதுகில் ஒரு கை வைத்தது போல் குளிர்ந்தது.

அவள் அசையவில்லை. ஒரு விரல் அளவு வலது பக்கம் போனால் இல்லாமல் போய்விடும். ஒரு விரல் இடது பக்கம் போனாலும் போய்விடும்.

அந்த அளவிலேயே மிதித்தாள். கண்ணை மூடவும் பயமாக இருந்தது.

"மைனி, உள்ள வாங்க. காத்து அடிக்கி."

ஞானசிகாமணியின் குரல் உடைந்து வந்தது. பின்னால் திரும்பக்கூட அவருக்குத் தெம்பில்லை. சக்கரம் சாலையின் வெள்ளைக் கோட்டைத் தொட்டு, தடுமாறித் திரும்பியது.

அவர் விழுந்துவிடுவார் என்று தோன்றியது. விழுந்தாலும் முழங்கையை ஆட்டமாட்டார் என்றும் தோன்றியது.

காதில் காற்று விழுந்துகொண்டே இருந்தது.

இன்னும் கொஞ்சம் என்று நினைத்தாள்.

இன்னும் கொஞ்சம்.

பிறகு பெடலை ஓங்கி மிதித்தாள். அவர் முழங்கால் தெரிந்தது. தோள் தெரிந்தது. வாய் திறந்திருந்த முகம் தெரிந்தது.

"மைனி, வேண்டாம்."

தாண்டினாள்.

காற்று முகத்தில் அறைந்தது. நெற்றியில், நெஞ்சில், பற்களில். இடம் வலம் என்று எதுவும் இல்லை. காது மட்டும் என்று எதுவும் இல்லை. சைக்கிள் நின்றுவிடும் போலிருந்தது. நிற்கவில்லை.

பின்னால் ஒரு சக்கரம் ஒட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது. அதன் பின்னால் இன்னொன்று.

எவ்வளவு நேரம் முன்னால் இருக்க வேண்டும் என்று அவள் கணவரிடம் கேட்டதே இல்லை.