கட்டை விரல் விழுந்த போட்டோ

“இதுவும் திரும்பி வந்துடுச்சு” என்று கிரெட்சன் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

படத்தில் பதினொன்றாம் நம்பர் பஸ் நின்றது. அதன் பின்பாதியை மறைத்துக்கொண்டு என் கட்டை விரல் பூசணிக்காய் மாதிரி விழுந்திருந்தது.

“ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு ஒரு போன் பிடிக்கத் தெரியலையா, வெர்னன்? எத்தன தடவ? வாஷிங்டன்ல உக்காந்து நம்மளப் பாத்துச் சிரிக்கிறாங்க.”

சிரிக்கட்டும் என்றேன்.

எங்கள் பள்ளி மாவட்டத்தின் பஸ்களுக்கெல்லாம் கிரெட்சன்தான் பொறுப்பு. என்னைவிட ரொம்பச் சின்னவள். நல்லவள், ஆனால் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவள்.

இன்றைக்கு அவள் பதறியதில் தப்பில்லை. மின்சார பஸ்கள் வாங்க அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. புது பஸ்கள் வந்தும் விட்டன. ஆனால் பழைய டீசல் பஸ்களைக் கொன்றுவிட்டோம் என்று படத்தோடு காட்டினால்தான் பணம் கைக்கு வரும். விற்கக் கூடாது, வேறு ஊருக்குக் கொடுக்கவும் கூடாது. முழு பஸ்ஸும் தெரிய ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு என்ஜினில் பெரிய ஓட்டை போட்டு, அடிச்சட்டத்தை அறுத்து, அதையும் படம் எடுக்க வேண்டும்.

மற்றதெல்லாம் முடிந்தது. பதினொன்று மட்டும் பாக்கி. இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் மொத்தப் பணமும் போச்சு.

தாமதத்துக்குக் காரணம் நான்தான். முதலில் டிரில் உடைந்தது என்றேன். அப்புறம் இடுப்பு வலி என்றேன். அப்புறம் இந்தக் கட்டை விரல்.

எனக்கு அந்த பஸ் மேல் காதல் என்று ஷெட் முழுக்கப் பேச்சு.

காதலாவது கத்தரிக்காயாவது! புகைவிட்டுப் புகைவிட்டே பள்ளி வாசல் பனியைக் கரியாக்கிய பஸ் அது. பின் சீட்டுப் பிள்ளைகள் இருமிக்கொண்டேதான் இறங்குவார்கள். மிச்சிகன் குளிரில் அதன் அடியில் படுத்துப் படுத்தே என் இடுப்பு போனது. எப்போதோ ஒழிந்திருக்க வேண்டிய சனியன்.

வேலியோரம் நிற்கும் அந்த பஸ்ஸுக்கு நான் கரண்ட் வயர் இழுத்து வைத்திருந்ததையும் கிரெட்சன் கண்டுபிடித்துவிட்டாள். ஓட்டை போடும் நாள்வரை என்ஜின் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும் என்பது விதி, குளிரில் பேட்டரி செத்துவிடும் என்றேன். நம்பிவிட்டாள்.

நான் டிரில்லை எடுத்துக்கொண்டு போனபோது கொலீன் அங்கே நின்றுகொண்டிருந்தாள். வருஷக்கணக்காக அந்த பஸ்ஸை ஓட்டியவள். இப்போது புது பஸ் ஓட்டுகிறாள். இலையுதிர் காலத்தில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டை விற்றுவிட்டார்கள். தங்கை வீட்டில் இருப்பதாகச் சொல்கிறாள். தங்கை வீடு ஏரிக்கு அந்தப் பக்கம். ஆனாலும் பனிப்புயல் அடித்த காலைகளில்கூட ஷெட்டுக்கு முதலில் வருகிறவள் அவள்தான். அதற்காகக் கிரெட்சன் எல்லார் முன்னாலும் கைதட்டி அவளுக்கு ஒரு காபிக் கோப்பை பரிசு கொடுத்தாள்.

“ஒரு நிமிஷம்” என்றாள் கொலீன். “பின்னாடி ஒருதடவ பாத்துட்டு வந்துடுறேன்.”

எங்கள் டிரைவர்களுக்கு அது பழக்கம். ஒவ்வொரு நடையும் முடிந்ததும் கடைசி சீட் வரை நடந்துபோய், தூங்கிப்போன பிள்ளை யாராவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள். இந்த பஸ்ஸில் பிள்ளைகள் ஏறி மாதக்கணக்காகிறது.

கிரெட்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவம், விட மனசில்ல” என்று முணுமுணுத்து, மூக்கைத் துடைக்க ஆபீஸுக்குள் போய்விட்டாள்.

கொலீன் வெறுங்கையோடு ஏறினாள். இறங்கும்போது தோளில் ஒரு பை, அக்குளில் சுருட்டிய கம்பளி, கையில் அந்தப் பரிசுக் கோப்பை. கோப்பைக்குள் பல் துலக்கும் பிரஷ் நின்றது.

கிரெட்சனோடு நானும் போயிருப்பேன் என்று நினைத்திருப்பாள் போல. என்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன்.

“சார்ஜ் ரூம் சாவி. ராத்திரி புது பஸ்ஸுக்குச் சார்ஜ் ஏறுதான்னு பாக்க ஆள் வேணும்னு சொல்லி, உன் பேர்ல நேத்துதான் மாவட்ட ஆபீஸ்ல கையெழுத்து வாங்குனேன். உள்ள சோபா இருக்கு, சூடா இருக்கும். கண்ணு முழிச்சுப் பாக்கணும்னு எவனும் எழுதல.”

அந்தக் கையெழுத்துக்காகத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

அவள் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அந்தக் குட்டி ஹீட்டர சீட்டுக்கடில வச்சது நீதானா?”

“போம்மா, எனக்கு வேலை கெடக்கு.”

ஆள் இல்லாத பஸ்ஸுக்குக் கண்ணாடியின் வெளியில்தான் பனி பிடிக்கும். இரவெல்லாம் யாராவது மூச்சு விட்டால்தான் உள்பக்கம் பிடிக்கும். முதல் படம் எடுத்த அன்று கடைசி ஜன்னல் மட்டும் உள்ளே வெள்ளையாக உறைந்திருந்தது.

அவள் போனதும் ஏறி, அந்த ஜன்னலைச் சட்டைக் கையால் துடைத்தேன். இறங்கி வந்து போனைத் தூக்கிப் பிடித்தேன்.

“விரல்! விரலப் பாருங்க!” என்று ஆபீஸ் வாசலிலிருந்து கிரெட்சன் கத்தினாள்.

மடக்கிக்கொண்டேன்.