விரலளவு இரைச்சல்

திலீபன் தன் பழைய காருக்குப் புதிய கியர் ராடு வாங்கித் தானே மாட்டினான். அதோடு அழகான தோலுறை ஒன்று வந்திருந்ததால், அடியில் இருந்த ரப்பர் மூடி இனி எதற்கு என்று கழற்றிவிட்டான். அன்றிலிருந்து கியர் பெட்டியின் இரைச்சல் முழுவதும் காருக்குள் ஏறி வந்தது. இரண்டாம் நாள்தான் பக்கத்தில் இருந்த மனைவி அமலியின் உதடுகள் அசைவதைக் கவனித்தான். ஜன்னல் பக்கம் திரும்பி அவள் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில், "எனக்குப் பாட்டெல்லாம் வராதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டவள்.

இரைச்சலில் அமுங்கிப்போன அந்தப் பாட்டை எப்படியாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்று, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ரப்பர் மூடியைத் திரும்ப மாட்டினான். சுற்றிலும் ஸ்பாஞ்ச் திணித்தான். மறுநாள் கார் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அமலி வாயைத் திறக்கவில்லை.

"என்னங்க, சத்தத்தைக் காணோம்?"

"நல்லாத்தானே இருக்கு?"

"ம்ம். உங்க வயிறு கத்துறதுகூட நல்லாக் கேக்குது."

அவளை அலுவலகத்தில் இறக்கிவிட்டதும் தோலுறையைத் தூக்கி, ரப்பர் மூடியின் ஓரத்தை ஒரு விரலளவு விலக்கினான். மாலையில் பாலத்தின் மேல் மூன்றாவது கியர் விழுந்தபோது இரைச்சல் மெல்ல எழுந்தது. அமலி ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான்காவது போட வேண்டிய இடம் தாண்டியும் திலீபன் ராடைத் தொடவில்லை.